பரளச்சியிலிருந்து கப்பலேறிய இருங்குச் சோளம்

சென்ற மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு இளம் உதவிப் பேராசிரியர்கள் அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு புதிதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களாம். இங்கிருந்து மாணவர்கள் அங்கே போய்ப் படிப்பார்களாம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வார்களாம். பெரியவர்கள் கைகுலுக்கும் படம் ஒன்றையும் காட்டினார்கள். "உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

எங்கள் காலத்திலும் இருந்தது. கைகுலுக்கும் படத்தைக் கண்டால் நான் முகங்களைப் பார்ப்பதில்லை. குலுக்காத இன்னொரு கை எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவேன். இந்தப் புத்தி எனக்கு வந்தது நாற்பதுகளில், யுத்தம் முடிந்த சமயம். பரளச்சியைச் சேர்ந்த ராமலிங்கம் என்ற மாணவன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போவதா, போய் அவமானப்படுவதா என்பது ஒரு பை சோளத்தில் தொங்கிக்கொண்டிருந்த விவகாரம் அது.

நான் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோக, அப்பா என்னைச் சர்க்கார் வேலைக்கு விரட்டினார். பயிற்சி என்று ஏதோ கொடுத்தார்கள். பாதி நாள் மாட்டுக் கொட்டகையிலும் மீதி நாள் மாதிரிப் பாத்திகளிலும் கழிந்தது. வெளியே வந்தபோது விவசாய டிமான்ஸ்டிரேட்டர் என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் புது உரம், புது விதை என்று விவசாயம் செய்யும் சம்சாரிகளுக்குச் செய்து காட்ட வேண்டும். "தறி நெய்யிற வீட்டுப் புள்ள நமக்கு ஏர் புடிக்கச் சொல்லித் தர வந்திருக்கு" என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசட்டும், மழை இல்லாத ஊரில் அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே என்று விட்டுவிடுவேன்.

எனக்கு மேலதிகாரி நெல்லையப்பன் சார். விவசாயக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தவர், திருநெல்வேலிப் பக்கம். அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பின்னாளில் போலீசில்கூடப் பார்த்ததில்லை. கிராமத்தில் மோர் கொடுத்தால், கொடுத்தவர் ஒரு வாய் குடிக்கும்வரை தொடமாட்டார். எந்தக் கேள்வியையும் மூன்று முறை, மூன்று விதமாகக் கேட்பார். "இந்தப் புஞ்சையில போன வருஷம் என்ன விதைச்சீர்?" என்பார். அப்புறம் மாட்டைப் பற்றி, மருமகனைப் பற்றிப் பேசிவிட்டு, "போன வருஷம் இதுல பருத்தி நல்லா வந்துதாமே?" என்பார். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் மீசைக்குக் கீழே ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் வேலை என்றால் அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கல்லூரிக்கும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது. அவர்கள் நாட்டிலும் வானம் பார்த்த பூமி நிறைய இருக்கிறதாம். குறைந்த மழையிலும் காயாமல் நிற்கும் நம் கரிசல்காட்டு இருங்குச் சோளத்தின் விதை அவர்களுக்கு வேண்டும். பதிலுக்கு நம் மாணவன் ஒருவனை அழைத்துப்போய், இரண்டு வருஷம் அவர்கள் செலவிலேயே மேல்படிப்புப் படிக்கவைத்து அனுப்புவார்கள். காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

முதலில் அவர்களுடைய பேராசிரியர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் தக்காளியாகச் சிவந்து போவார். கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் திருச்சுழி வரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் பரளச்சிக்குப் போனோம். திருகு போட்ட ஓர் இரும்புக் கம்பியைக் கரிசலில் இறக்கி, அடிமண்ணை எடுத்துப் பைபையாகக் கட்டினார். ஊரே வரப்பில் நின்று பார்த்தது. ஏரோப்ளேன் இறக்குவதற்கு நிலம் பார்க்கிறான் என்றார் ஒருவர். அடியில் என்னமோ தாது இருக்கிறது என்றார் இன்னொருவர். யுத்தத்தின்போது லெவி என்று சொல்லித் தானியத்தை அளந்து எடுத்துப்போன சர்க்கார் மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

வேலுச்சாமி என்ற சம்சாரி மட்டும் என்னிடம் நேராகவே கேட்டார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவர் மகன்தான் ராமலிங்கம், அந்த விவசாயக் கல்லூரியிலேயே கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான்.

"பஞ்ச எடுத்துட்டுப் போனான், துணியாக்கி நமக்கே வித்தான். இப்ப வெதைய எடுத்துட்டுப் போயி என்ன செய்யப் போறான், தம்பி?"

"அண்ணாச்சி, அது இங்கிலீஷ்காரன். இவர் அமெரிக்கர். வேற தேசம்."

"ரெண்டு பேரும் தொப்பிதான போட்டிருக்காக?" என்றார்.

உண்மையைச் சொன்னால் அவர் கேட்டது நியாயம் என்றே எனக்கும் பட்டது.

அறுவடை முடிந்து மாசி மாதம் விதை வாங்கப் போனோம். நெல்லையப்பன் சாரின் முறை மிகக் கண்டிப்பானது. தானியம் கொட்டிவைத்திருக்கும் மண்குலுக்கையில் மேலிருந்து ஒரு கை, நடுவிலிருந்து ஒரு கை, அடியிலிருந்து ஒரு கை எடுக்க வேண்டும். வெள்ளை வேட்டியில் பரப்பி, உள்ளே ஒன்றும் இல்லாத சாவி மணிகளைப் பொறுக்க வேண்டும். பிறகு துணிப்பையில் போட்டு வாயைத் தைத்து, அரக்கை உருக்கி ஊற்றித் தன் மோதிரத்தாலேயே முத்திரை வைப்பார். அதன்பின் அந்தப் பை அவர் படுக்கைச் சுருட்டை விட்டு வெளியே வராது. பஸ் கண்டக்டர், ஆபீஸ் பியூன், எலி, நான் என்று எல்லோரும் அவர் சந்தேகத்துக்கு உட்பட்டவர்கள்தான்.

ஆனால் பரளச்சியில் அவர் முறை செல்லவில்லை. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. "வெள்ளியும் அதுவுமா குலுக்கையத் தொறக்க மாட்டோம். அதான் நேத்தே எடுத்து வச்சிட்டோம்" என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சுளகில் புடைத்து, கல் மண் இல்லாமல், தயாராக இருந்தது. இருங்குச் சோளம் கருத்த உமியோடுதான் இருக்கும், பார்க்கவே கண்ணுக்கு நன்றாக இருந்தது. சார் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார், நன்றாகக் காய்ந்து கடுக்கென்று உடைந்தது. நான் பார்த்தவரை, சர்க்காருக்கு ஒரு பிடி கொடுக்கவே மூக்கால் அழும் ஊர் அது. இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்கு உறுத்தியது. சாரோ வாய்க்குவாய் பாராட்டிக்கொண்டு அரக்கை ஊற்றினார்.

இங்கேயே முளைக்கப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று அவர் மேலிடத்தில் சண்டை போட்டது எனக்குத் தெரியும். முத்திரை உடையாமல் வர வேண்டும், மாணவன் வந்த பிறகு முளைப்பை அங்கேதான் பார்ப்போம் என்று அமெரிக்கர்கள் சொல்லிவிட்டார்கள். பை முத்திரையோடு கப்பலேறியது.

சித்திரையில் ராமலிங்கம் தேர்வான செய்தி வந்தது. கரிசல்காட்டுப் பிள்ளை, கெட்டிக்காரன், அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? நான்தான் சைக்கிளில் போய்ப் பரளச்சியில் சொன்னேன். வேலுச்சாமி அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. வெல்லம் எடுத்துவந்து என் வாயில் தானே போட்டார்.

"அங்க போயி எதப் பத்திப் படிப்பானாம்?"

"நம்ம இருங்குச் சோளத்தைப் பத்தித்தான் அண்ணாச்சி. மாசியில இங்க குடுத்தீங்களே, அந்த விதையைத்தான் கண்ணாடி வீட்டுக்குள்ள அவன் கையாலேயே விதைச்சு, வேர் எப்படிப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணணும்."

அவர் முகம் செத்துப்போயிற்று. வெல்லத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேஷ்டியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடல் தாண்டிப் போகிற பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அருப்புக்கோட்டை ஆபீசில் வந்து நின்றார். மகன் போக வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றார். சார் ஏன் என்று கேட்டதற்கு ஜாதகம் சரியில்லை என்றார். சற்றுப் பொறுத்துச் சுற்றி வளைத்துக் கேட்டதற்குப் பெண் பார்த்திருக்கிறது என்றார். மூன்றாம் முறை, நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்றார். சாரின் மீசைக்குக் கீழே அந்தச் சிரிப்பு வந்தது. "இந்த ஆள் எதையோ மறைக்காரு. அரசியலா இருக்குமோ? விசாரிக்கணும்" என்றார். எனக்கு வேலுச்சாமி அண்ணாச்சியின் மேல் கோபமே வந்தது. ஊரிலிருந்து ஒரு பையனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தைப் பெற்ற தகப்பனே தட்டிவிடுவாரா?

சார் என்னையும் இழுத்துக்கொண்டு பரளச்சிக்குக் கிளம்பினார். திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிக்குக் காத்திருந்தோம். டீக்கடை ஓரத்தில் இரண்டு சம்சாரிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடியில் தானியம் வைத்திருந்தார், மற்றவர் அதைப் படியால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, கால் படி எங்க?"

"இந்த வருஷம் சரியா வெளையலப்பா. வாங்குனத மட்டும் தாரேன்."

"அதெல்லாம் முடியாது. வெதை குடுத்தா கால் பங்கு கூட வச்சுத் திருப்பணும். எங்க தாத்தா குடுத்தாலும் அதுதான், கலெக்டர் வாங்குனாலும் அதுதான். திரும்பாத வெதைய வெளிய விட்டா எம் புஞ்சை வெளையாது."

சார் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். எழுந்துபோய் அந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்தார். எல்லா ஊரிலும் இப்படித்தானா, பரளச்சியிலுமா, கேட்காமல் விடுவதே இல்லையா என்று வழக்கம்போல மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"நம்மகிட்ட ஒருத்தன்கூட எப்ப திருப்பித் தருவீகன்னு கேக்கலையேய்யா" என்றார். "விதைன்னு நினைச்சுக் குடுத்திருந்தா கேட்டிருப்பான். அது விதை இல்லை."

பையோ கடலைத் தாண்டிவிட்டது. ராமலிங்கம் ஆவணியில் கிளம்ப வேண்டும். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அவன் விதைப்பான், ஒன்றும் முளைக்காது. இவன் ஊர் விதை, இவன் தகப்பன் கொடுத்தது. கெடுத்துக் கொடுத்தார்கள் என்று தெரியவந்தால் பையனைத் திருடனைப் போலத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கப்புறம் நம் பிள்ளைகள் யாரையும் கூப்பிடமாட்டார்கள். ஊருக்குப் போலீஸ் வந்தாலும் வரும்.

பரளச்சியில் வேலுச்சாமி அண்ணாச்சி கட்டிலை எடுத்துப் போட்டார். சார் உட்காராமலே, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். மகனுக்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னார். முதல் தடவையாக அவர் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் பேசியதைக் கேட்டேன். அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"உங்க மகனய்யா!"

"தெரியும். ஆனா நான் பேசக் கூடாது." கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவில்லை. "என்னைக் கேக்காதீக, சாமி."

அப்போது அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெள்ளையம்மாள் வந்தார். கம்மஞ்சோறு கிண்டிய கையைக்கூடக் கழுவவில்லை.

"அவுக பேச மாட்டாக. ஊர் ஆம்பளைக எல்லாரும் கோயில்ல கூடிச் சூடம் அணச்சிச் சத்தியம் பண்ணியிருக்காக, வாயத் தொறக்க மாட்டோம்னு. இல்லைன்னு சொன்னா சர்க்காரு பகைச்சுக்கிரும், வெதையக் குடுத்தா வெள்ளைக்காரன் கொண்டுபோயிருவான். அதனால அவிச்சுக் குடுக்கிறதுன்னு முடிவு."

"ஏ, வெள்ளையம்மா!" என்று அண்ணாச்சி பதறி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. அவிச்சது ஆரு? நீங்களா? ஊர்ப் பொம்பளைக நாங்கதான பானையக் கூட்டி அவிச்சோம்? உமி வெடிக்காம, ஒரு கொதி வந்ததும் எறக்கி, வெயில் படாம நெழல்ல ஒணத்தி, இந்த அய்யா கடிச்சுப் பாத்தாலும் தெரியாம செஞ்சது நாங்க. சத்தியம் பண்ணும்போது எங்கள எவரும் கோயிலுக்குக் கூப்பிடல. நான் எந்தச் சூடத்தையும் அணைக்கல. நான் பேசுவேன்."

அண்ணாச்சி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனை பெரிய ஆண்கள் கூடிச் செய்த சத்தியத்தில் இவ்வளவு பெரிய ஓட்டையா! சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த நெல்லையப்பன் சார்கூட அடுப்படிப் பக்கம் சந்தேகப்பட்டதில்லை.

வெள்ளையம்மாள் அன்றே குலுக்கையின் அடிவாய்ப் பூச்சை உடைத்து, சாம்பல் கலந்து வைத்திருந்த விதைச் சோளத்தைச் சுளகில் அள்ளிக் கொடுத்தார். சார் அதை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடவில்லை. சாக்கை நனைத்து, நூறு மணிகளை வரிசையாக அடுக்கிச் சுருட்டி, அந்த வீட்டு மூலையிலேயே வைத்துவிட்டு, முளைக்கும்வரை ஊர்ச் சாவடியில் தங்கினார். காலையும் மாலையும் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லாப் பாருங்க. ஒரு தடவ ஏமாந்தவுகதான" என்றார். சாக்கைப் பிரித்தபோது வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. இரண்டு மூன்று மணிகள்தான் சாவி.

பையைத் தைத்து முத்திரை வைக்கும்போது சார் தானாகவே சொன்னார், "கால் பங்கு கூட வச்சுத் திருப்பித் தரச் சொல்றேன், அம்மா."

"வெதை கெடக்கட்டும். எம் புள்ள திரும்பி வந்துருவானா?"

"ரெண்டே வருஷம். வருவான்" என்றார் சார், உடனே, ஒரு நொடிகூட யோசிக்காமல். யாருடைய வாக்கையும் நம்பாதவர், எதற்கும் வாக்குக் கொடுக்காதவர் அவர். அன்று எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மேலிடத்துக்கு அவர் எழுதி அனுப்பியது இதுதான்: முதலில் போன விதை கப்பலின் ஈரத்தில் கெட்டிருக்கக்கூடும் என்று சந்தேகிக்கிறேன், ஆகவே மாணவன் கையிலேயே வேறு விதை கொடுத்தனுப்புகிறேன். அவர் சந்தேகப்படுவதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பரளச்சியும் தப்பித்தது. ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை, வேலுச்சாமி சத்தியத்தை மீறிவிட்டார் என்று கொஞ்ச காலம் அவர் வீட்டில் கைநனைக்காமல் இருந்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. வெள்ளையம்மாளைக் காட்டிக்கொடுக்காமல் சாட்சி சொல்லத்தான் வழியில்லை.

ராமலிங்கம் ஆவணியில் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினான், பம்பாயில் கப்பல் ஏறினான். அங்கே சோளம் நன்றாக முளைத்தது. அவன் வேரைப் பற்றி எழுதியதை அவர்கள் புத்தகமாகவே போட்டார்கள். இங்கே சுதந்திரம் வந்தது. இரண்டு வருஷம் முடிந்ததும் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதினான். பிறகு அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். தகப்பனார் இறந்தபோது பணம்தான் வந்தது. நெல்லையப்பன் சார் ஓய்வு பெற்ற பிறகும் என்னை எங்கே பார்த்தாலும், "பரளச்சிப் பையன் வந்தானா?" என்பார். இல்லை என்பேன். மறுபடி கேட்கமாட்டார், வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நானும் பல ஊர் மாறி, ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் பரளச்சிப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வெள்ளையம்மாள் புஞ்சையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு கரைக்கு வந்தார். மகனைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"போட்டோ அனுப்பியிருக்கான். ரெண்டு பேரப் புள்ளைக. நல்லாத்தான் இருக்கான்." களைக்கொத்தியை வரப்பில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "அன்னைக்கு ஊரே கூடி, வெதை போயிரும் வெதை போயிரும்னு பயந்து, அத அவிச்சுக் குடுத்தோம். புள்ளைய மட்டும் அப்பிடியே உசுரோட குடுத்துட்டமே, தம்பி."